கண்ணீர்ச் சுழிக் குதிரை

"சாமி, இந்த வருசமும் ஒண்ணும் தேறலீங்க" என்றான் செங்கோடன்.

மண்டபத்தம்மா நிமிரவில்லை. மடியில் முறம் இருந்தது. முறத்தில் கொள்ளு. கல்லைப் பொறுக்கித் தூணோரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுங்கண்ணா தேறல?"

"குதிரைதானுங்க."

"சந்தைக்குக் குதிரையே வரலீங்களா?"

"வந்துச்சுங்க. ஊர்ப்பட்ட குதிரை வந்துச்சு. வாங்கற மாதிரி ஒண்ணுமில்ல."

தோளில் கிடந்த தாம்புக்கயிற்றை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அவன் படியில் உட்கார்ந்தான். புதுக்கயிறு. அதாவது, முதல் சந்தைக்குப் போகும்போது புதுக்கயிறு. வாங்குகிற குதிரையைக் கட்டிப் பிடித்துவரவென்று வாங்கியது. இதோடு மூன்று ஆடிச் சந்தை பார்த்துவிட்டது. ஒரு குதிரையின் கழுத்தை இன்னும் பார்க்கவில்லை.

செங்கோடன் மலைக்கு உப்புக் கொண்டுபோகிறவன். வீடு அடிவாரத்தில். மேலே இருக்கிற சிற்றூர்களுக்கு உப்பும் வெல்லமும் தேங்காயும் அவன் தலையில் ஏறித்தான் போயின. திரும்பும்போது தேனும் கடுக்காயும் சாமையும் அதே தலையில் இறங்கின. ஒற்றையடிப் பாதை. வண்டி ஏறாது.

ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தான். வலது முழங்கால் போயிற்று. கோலூன்றி நடக்கலாம், சுமக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் வைத்தியர்.

"குதிரை ஒண்ணு வாங்கிக்கலாமுங்க. அதுவரைக்கும் நான் கொண்டுபோறேன்" என்றாள் அவன் மனைவி பாவாயி.

அந்த 'அதுவரைக்கும்' மூன்றாம் வருசமாக நீண்டுகொண்டிருந்தது.

ஆடுகளை விற்ற காசு இடுப்பு முடிச்சில் அப்படியே இருந்தது. காசில் குறையில்லை. குறையெல்லாம் குதிரையில்தான் இருந்தது.

முதல்முதலாகக் குதிரை வாங்கப் போகிறவனுக்கு ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். செங்கோடனுக்கு அது கொஞ்சம் கூடுதல். கண்டவரிடமெல்லாம் கேட்டான். சுழி பார்க்கக் கற்றுக்கொண்டான். குதிரையின் உடம்பில் மயிர் எங்கே சுழிந்திருந்தால் நல்லது, எங்கே சுழிந்திருந்தால் குடும்பத்துக்கு ஆகாது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பல்லைப் பார்த்து வயசு சொல்வான். நிற்பதைப் பார்த்து வம்சம் சொல்வான்.

நாளடைவில் குதிரை வாங்க வருகிறவர்கள் அவனைத் தேடிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "செங்கோடண்ணா, சித்த இதைப் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். சொல்வான். அவர்கள் குதிரையோடு வீட்டுக்குப் போவார்கள். அவன் கயிற்றோடு போவான்.

இத்தனைக்கும் அவன் உச்சந்தலையிலேயே ரெட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம் என்று ஊரில் சொல்வார்கள். செங்கோடனுக்கு நடந்தது ஒன்றுதான். சுழி தெரியாதபடி எப்போதும் தலையில் துண்டு கட்டியிருப்பான்.

மண்டபத்தம்மா அவனைவிடப் பத்து வயது இளையவர். எங்கிருந்தோ வந்து, ஆற்றோரத்துப் பாழ் மண்டபத்தில் தங்கிவிட்டவர். அவரிடம் குதிரை கிடையாது. ஆனால் உதைக்கிற குதிரை, கடிவாளம் வாங்காத குதிரை, யாரையும் கிட்டே சேர்க்காத குதிரை எல்லாவற்றையும் அவரிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். அவர் ஒன்றும் செய்யமாட்டார். பக்கத்தில் போய் நிற்பார். பொழுது சாயும்போது குதிரை அவர் தோளில் தாடையை வைத்திருக்கும். கூலி என்று கேட்டால், "கொள்ளு இருந்தாக் குடுங்க, அடுத்து வர்றதுக்கு ஆகும்" என்பார்.

ஊரே அவரைச் சாமி என்றது. அவர் ஊரையெல்லாம் அண்ணா என்றார்.

"சரிங்கண்ணா, பார்த்ததைச் சொல்லுங்க" என்றார்.

இதற்குத்தானே செங்கோடன் வந்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு வெள்ளைக் குதிரைங்க. நெத்தியில ராஜசுழி. ஆனா பின்னங்கால் ரெண்டும் உள்ளுக்குச் சாயுது."

"ம்."

"ஒரு கறுப்பு. காலு சுத்தம். ஆனா வாலுக்குப் பக்கத்துல பாடைச்சுழி. வீட்டுல எழவு விழும்னு சொல்லுவாங்க."

"ம்."

"ஒரு சாம்பல் குட்டி. சுழியெல்லாம் அம்சமா இருக்குது. பக்கத்துல போனா மேல ஏற வருது."

"ம்."

"முதல் வருசம் பார்த்த ஒரு பழுப்புக் குதிரைதானுங்க இன்னும் ஞாபகம் இருக்குது. காலு, குளம்பு, முதுகு எல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா கண்ணுக்குக் கீழ சுழி. கண்ணீர்ச் சுழி. அதை வாங்குனா வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குமாமுங்க. வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

அம்மா ஒரு கல்லை எடுத்துப் போட்டார்.

"நல்லாப் பார்க்கறீங்கண்ணா. ஒண்ணையும் விடறதில்ல."

செங்கோடனுக்கு முகம் மலர்ந்தது. "அப்படியும் ஒண்ணு அமையலியேங்க. சந்தை கலையறதுக்கு இன்னும் நாலஞ்சு நாள் இருக்குது. மழை பிடிச்சா மலைமேல இருக்கறவங்களுக்கு உப்பு இல்ல. நீங்களே ஒரு வழி சொல்லுங்க சாமி. எதைப் பார்த்து வாங்கறது?"

"ஒண்ணு கேக்கறேன். இப்பப் பொதியை மேல ஏத்தறது யாருங்கண்ணா?"

"பாவாயிங்க. எம் பொண்டாட்டி."

"சுமையோட ஏறும்போது அண்ணி எந்தக் கால்ல நொண்டறாங்க?"

செங்கோடன் சிரித்தான். "அவ நொண்டறதில்லீங்களே."

"சுமக்கறவங்க எல்லாருக்கும் ஒரு கால் நோகும். எந்தக் கால்?"

செங்கோடன் யோசித்தான். சந்தையில் பார்த்த வெள்ளைக் குதிரையின் நான்கு கால்களும் கண்முன்னே வந்து நின்றன. பாவாயியின் கால் வரவில்லை.

"நான் குதிரையைப் பத்திக் கேக்க வந்தனுங்க" என்றான், கொஞ்சம் கோபமாக.

"நானும் அதைத்தானுங்கண்ணா கேக்கறேன். இந்த மூணு வருசமா உங்க வீட்டுக் குதிரை யாரு?"

அவன் கோலை எடுத்துக்கொண்டு எழப் போனான்.

அம்மா கை நீட்டித் தாம்புக்கயிற்றை எடுத்தார். சுருட்டித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கயிறு இங்கயே இருக்கட்டும். எந்தக் காலுன்னு வந்து சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க."

*

வாசலில் பாவாயி உப்பு மூட்டைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் பார்த்தாள். பிறகு அவன் தோளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தத் தடவை கயிறும் போச்சா?"

"மண்டபத்துச் சாமிகிட்ட இருக்குது."

"அது சரி. சாமிக்காவது ஆவட்டும்" என்றாள். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை அது. சண்டை போட்டிருந்தால் அவனுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

விடிந்ததும் அவள் புறப்பட்டாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, கோலை ஊன்றிக்கொண்டு செங்கோடன் பின்னால் போனான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் முழங்காலைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அந்தப் பாதையில் அவன் ஏறி மூன்று வருசம் ஆகியிருந்தது. பாவாயிக்குப் பின்னால் ஏறுவது இதுதான் முதல் தடவை.

குதிரை பார்த்துப் பழகிய கண். தானாகவே வேலையை ஆரம்பித்தது.

நடை சீராக இல்லை. வலது கால் முழுசாக ஊன்றுகிறது. இடது கால் வெளி ஓரத்தை மட்டும் வைத்து எடுக்கிறது. குதிகாலில் ஏதோ இருக்கிறது.

வெயில் ஏறியபோது அதுவும் தெரிந்தது. குதிகாலில் துணி சுற்றியிருந்தாள். துணியில் பழைய ரத்தக் கறை.

கழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கை சுமையைப் பிடித்திருந்தது. வலது கை இடுப்பில் ஊன்றியிருந்தது. இப்படி ஒரு குதிரை சந்தையில் நடந்தால், "இது வேண்டாமுங்க, ஏற்கெனவே அடிச்சு வேலை வாங்கியிருக்காங்க" என்று அவனே சொல்லியிருப்பான்.

பாதி மலையில் சுமைதாங்கிக் கல் வந்தது. நட்டு வைத்த இரண்டு கல்லின்மேல் குறுக்கே ஒரு கல். செங்கோடனுக்கு அது பழைய கூட்டாளி. இருபது வருசத்துக்கு மேல் அந்தக் கல்லில் சுமையைத் தள்ளிவிட்டு, வெற்றிலை போட்டு, காற்று வாங்கியிருக்கிறான். இங்கே இவள் உட்காருவாள், அப்போது பக்கத்தில் போய்விடலாம் என்று நினைத்தான்.

பாவாயி உட்காரவில்லை.

கல்லுக்கு முன்னால் நின்றாள். அண்ணாந்து பார்க்க முடியாது, தலையில் சுமை. கல்லின் விளிம்பு அவள் நெற்றிக்கு மேலே இருந்தது. அந்தக் கல்லை நட்டவன் நெட்டையாக இருந்திருக்கிறான். சுமந்தவர்களும் அப்போது நெட்டையான ஆம்பளைகளாக இருந்திருக்கிறார்கள். பாவாயி குள்ளம். சுமையை அதில் தள்ள அவளுக்கு எட்டாது. கீழே இறக்கி வைத்தால் மறுபடி தூக்கிவிட ஆள் கிடையாது.

அவள் கல்லைத் தாண்டிப் போனாள். பக்கத்துப் பாறையில் சுமையோடு அப்படியே முதுகைச் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாயால் மூச்சு விட்டாள். நின்றபடியே இடது காலைத் தூக்கி வலது காலின்மேல் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம்தான். பிறகு முனகிக்கொண்டே நிமிர்ந்து ஏற ஆரம்பித்தாள்.

செங்கோடன் சுமைதாங்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். மூன்று வருசம் அவள் வீட்டுக்கு வந்து, "நல்லபடியாப் போயிட்டு வந்தேன்" என்று சொன்னதையெல்லாம் அவன் நம்பியிருந்தான். அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே ஊர் வரைக்கும், திரும்பி அடிவாரம் வரைக்கும் அவள் பின்னாலேயே நடந்தான்.

*

"இடது கால்" என்றான், மறுநாள் மண்டபத்துப் படியில் நின்று.

மண்டபத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

கேட்டது அதுதான். பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் செங்கோடனால் நிறுத்த முடியவில்லை.

"குதிகால் பொளந்து கெடக்குதுங்க. ஏறும்போது மெதுவா ஏறுறா. எறங்கும்போது இன்னும் மெதுவா. பாதையில உருட்டுக் கல்லு, கல்லை மிதிச்சா உருண்டுரும், அதனால ஒவ்வொரு கல்லையும் விரலால தொட்டுப் பார்த்துட்டுத்தான் கால வெக்கறா. சுமைதாங்கி அவளுக்கு எட்டலீங்க. நான் அதுல எத்தனை தடவை சாஞ்சிருப்பேன், அது உயரம்னு எனக்குத் தெரியலீங்க. மேல ஒரு ஓடை இருக்குது, அங்க சத்தத்துக்கு நான்கூட மிரளுவேன். அவ நின்னு, பாத்து, அப்பறம்தான் கடக்கறா."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் முடித்ததும் கயிற்றை எடுத்து நீட்டினார்.

"போயி வாங்கிட்டு வாங்கண்ணா."

"எந்தக் குதிரையைங்க?"

"இப்பச் சொன்னீங்களே. அந்தக் குதிரையை."

செங்கோடன் கயிற்றை வாங்கிக்கொண்டான். நான்கு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினான்.

"சாமி, சுழி?"

அம்மா முறத்திலிருந்து ஒரு கை கொள்ளை அள்ளி அவன் மடியில் கட்டிவிட்டார். "காலையில வெள்ளனப் போங்க. குதிரைக்காரங்க தேய்ச்சு விட்டு, நடக்க வெச்சு, நொண்டுறதை மறைக்கறதுக்கு முன்னால போங்க" என்றார். சுழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

*

சந்தையில் இன்னும் இருட்டு முழுசாக விலகவில்லை. குதிரைகள் கட்டுத்தறியில் நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தன.

"சுழிக்காரர் வந்துட்டாருப்பா" என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தர் கையைப் பிடித்து இழுத்தார். "பொறகு வர்றேனுங்க" என்று செங்கோடன் விடுவித்துக்கொண்டான்.

ஜாதிக் குதிரைகள் நிற்கிற நடுப் பந்தலுக்கு அவன் போகவில்லை. ஓரத்துக்குப் போனான். பொதிக் குதிரைகள் அங்கேதான் நிற்கும்.

முதலில் உயரம் பார்த்தான். தன் நெஞ்சுக்குக் கையை வைத்து, அதைவிடக் கொஞ்சம் கீழே இறக்கி, அந்த உயரத்துக்குமேல் இருந்ததையெல்லாம் கடந்து போனான். பாவாயி தோளுக்கு மேல் தூக்க வேண்டியிருந்தால் அது குதிரை இல்லை, இன்னொரு சுமைதாங்கி.

குட்டிகளையும் கடந்தான். துள்ளுகிற குட்டிக்கு ஒன்றும் தெரியாது. குதிரை வளர்த்துப் பழகாத அவனுக்கும் ஒன்றும் தெரியாது. இருவரும் சேர்ந்து மலை ஏறினால் உப்பு ஓடையில்தான் கரையும். மலையில் நடக்க யாராவது ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தேறியது சில குதிரைகள்தான். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, மூட்டையை ஏற்றி, பக்கத்து ஏரிக்கரையில் ஏற்றி இறக்கினான். கரையின் மறுபக்கம் சரளைக் கல். ஏறுவதற்கு எல்லாக் குதிரையும் ஏறின. இறங்கும்போதுதான் குணம் தெரிந்தது. ஒன்று அவசரப்பட்டது. ஒன்று பாதியில் நின்று வரமாட்டேன் என்றது. ஒன்று அவனையே முந்திக்கொண்டு ஓடியது.

கடைசியில் நின்றது ஒரு பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. குட்டை. நடுவயசு தாண்டியது. குதிரை வியாபாரி மஸ்தான் ராவுத்தருடையது.

செங்கோடன் மடியை அவிழ்த்துக் கொள்ளை நீட்டினான். அது முதலில் கொள்ளைப் பார்க்கவில்லை, அவனை முகர்ந்தது. பிறகு பல் படாமல் உதட்டால் ஒற்றி ஒற்றி எடுத்தது.

காலைத் தடவினான். நாலு காலும் குளிர்ந்திருந்தன. வீக்கம் இல்லை, சூடு இல்லை. குளம்பைத் தூக்கச் சொன்னதும் தூக்கியது. பின்னால் தள்ளினால் நேராகப் பின்னால் போயிற்று. நடக்க வைத்துக் கண்ணை மூடி, குளம்புச் சத்தத்தைக் கேட்டான். எல்லாக் காலும் ஒரே சத்தம்.

மூட்டையை ஏற்றி ஏரிக்கரைக்குக் கொண்டுபோனான்.

இறங்கும்போது அது நின்றது. செங்கோடன் கயிற்றை இழுக்கவில்லை. முன்னங்குளம்பால் ஒரு கல்லைத் தொட்டது. கல் ஆடியது. காலை எடுத்துப் பக்கத்துக் கல்லைத் தொட்டது. அது ஆடவில்லை. அதன்மேல் காலை வைத்தது. பாதியில் மூட்டை சரிந்தபோது, அவன் வந்து நிமிர்த்துகிற வரைக்கும் அசையாமல் நின்றது.

இந்த நடையைச் செங்கோடன் முந்தாநாள் மலையில் பார்த்திருக்கிறான்.

"இது வேணுமுங்க ராவுத்தரே" என்றான்.

மஸ்தான் ராவுத்தர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தம்பி, விளையாடறீங்களா?"

"இல்லீங்களே."

"முதல் வருசம் இதே குதிரையைத்தான் நீங்க பார்த்தீங்க. கண்ணீர்ச் சுழின்னு நாலு பேர் கேக்கச் சொல்லிட்டுப் போனீங்க. சுழிக்காரர் வாயிலருந்து வந்த பிற்பாடு இதை எவன் வாங்குவான்? நானே வெச்சிருந்து என் சரக்கை மலைக்கு ஏத்தி எறக்கிக்கிட்டு இருக்கேன். அடுத்தவன்னாச் சும்மா விட்டுருவேன், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இந்தாங்க, நல்லாப் பாத்துக்குங்க."

குதிரையின் முகத்தைத் திருப்பிக் காட்டினார். இடது கண்ணுக்குக் கீழே, சின்னதாக, சுத்தமாக ஒரு சுழி.

செங்கோடனுக்குச் சுழி ஞாபகம் இருந்தது. குதிரையைத்தான் அடையாளம் தெரியவில்லை.

அன்றைக்கே வாங்கியிருந்தால் பாவாயியின் குதிகால் வெடித்திருக்காது. அவன் அந்தச் சுழிமேல் விரலை வைத்தான். குதிரை கண்ணை மூடிக்கொண்டது.

"வீட்டுல அழுகை வரும்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க" என்றார் ராவுத்தர்.

"அது குதிரைக்கு முன்னாடியே வந்துருச்சுங்க" என்றான் செங்கோடன்.

தாம்புக்கயிறு மூன்று சந்தைக்குப் பிறகு ஒரு கழுத்தைப் பார்த்தது.

*

திரும்புகிற வழியில் மண்டபத்துக்கு முன்னால் நின்றான்.

அம்மா வெளியே வந்தார். குதிரையின் பல்லைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. "அப்படியே ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வாங்கண்ணா" என்றார்.

போய் வந்தான்.

"இன்னைக்குக் காலையிலதானே வாங்குனீங்க?"

"ஆமாங்க."

"உங்களுக்கு எந்தக் காலு நோகுது?"

"வலதுங்க."

"அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

செங்கோடனுக்குப் புரியவில்லை. மறுபடி நடந்தான். இந்தத் தடவை கவனித்தான். அவன் வலது காலை இழுத்து வைக்கும்போதெல்லாம் குதிரை ஒரு கணம் தாமதித்தது. அவன் ஊன்றியதும் நடந்தது. வழி நெடுக அப்படித்தான் வந்திருக்கிறது. அவன்தான் பார்க்கவில்லை.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். நிமிர்ந்தபோது, அம்மா அவனுக்குப் பதில் கும்பிடு போடவில்லை. குதிரைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே என்கிட்ட வர வேண்டியதில்லீங்கண்ணா" என்றார்.

*

பாவாயி வாசலில் உட்கார்ந்து குதிகாலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். குளம்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் எழுந்து நின்றாள்.

செங்கோடன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். சந்தையில் அத்தனை பேருக்கு நடுவில் வராத பயம் இப்போது வந்தது.

அவள் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மூன்று வருசமாக அவன் சாப்பிட உட்கார்ந்தால் சுழி, படுத்தால் சுழி என்று பேசியதையெல்லாம் கேட்டவள். முகத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"கண்ணீர்ச் சுழி" என்றாள்.

"ஆமா புள்ள. தெரிஞ்சுதான் வாங்கினேன்."

பாவாயி குதிரையின் பக்கவாட்டில் போய் நின்றாள். வாசலில் கட்டி வைத்திருந்த உப்பு மூட்டையை இரண்டு கையாலும் தூக்கினாள். இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அப்படியே முன்னால் தள்ளினாள். மூட்டை குதிரையின் முதுகில் போய் உட்கார்ந்தது. குதிரை அசையவில்லை.

அவள் கையை எடுத்தாள். வெறும் கையைப் பார்த்தாள்.

"எட்டுது" என்றாள்.

செங்கோடன் குதிரையின் முகத்தைக் காட்டினான். "சுழி உனக்குப் பரவாயில்லையா?"

பாவாயி அவன் பக்கம் திரும்பினாள். எட்டி அவன் தலைத்துண்டை உருவினாள். எண்ணெய்க் கையால் அவன் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பன் இதைப் பாத்துட்டு, ரெட்டைச் சுழிக்காரன், ரெண்டு பொண்டாட்டி கட்டுவான், வேண்டாம்னாரு. ஆத்தாளும் அழுதா."

"அப்பறம்?"

"நான் அதுக்கு முந்தியே நீங்க மலையில சுமையோட எறங்கறதப் பாத்திருந்தேன்" என்றாள் பாவாயி. "கல்லுக் கல்லாத் தொட்டுப் பாத்துக் கால வெச்சீங்க."